மூடுலில் பாடப் பக்கத்துக்கு எந்த வடிவம்? ஐந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

இணையவழியில் பாடம் நடத்தக் கல்லூரிகள் பயன்படுத்தும் மூடுல் மென்பொருளில் புதிய பாடம் ஒன்றைத் தொடங்கும்போது, பாடத்தின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவற்றைக் கேட்ட பிறகு, பாட வடிவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு சிறிய பெட்டி வருகிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் அதைத் தொடாமலே கடந்துவிடுகிறார்கள். முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் கடந்தேன். ஆனால் மாணவர் உள்ளே வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறார், தேடி வந்த பயிற்சித்தாள் எத்தனை தொடுகைக்குப் பிறகு கிடைக்கிறது, சென்ற முறை எந்த இடத்தில் விட்டோம் என்பது அவருக்குத் தெரிகிறதா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது அந்தப் பெட்டிதான். மாவட்டத் தலைநகரம் ஒன்றில் உள்ள கலை அறிவியல் கல்லூரியில் இளங்கலை வணிகவியல் முதலாண்டு மாணவர்களுக்கு நான் புள்ளியியல் நடத்துகிறேன். ஐந்து ஆண்டுகளாக அந்தப் பாடத்தை மூடுலில் வைத்து, வடிவங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். எங்கள் சர்வரில் இப்போது இருப்பது 4.5 பதிப்பு. மூடுல் முழுவதையும் நான் இங்கே மதிப்பிடவில்லை. அதன் பாட வடிவங்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு பிற்பகல். வகுப்பு முடிந்த பிறகு ஒரு மாணவி என் மேசைக்கு வந்து, ஒட்டுறவுக் கெழுவுக்கான பயிற்சித்தாள் தளத்தில் இல்லை என்றார். இருக்கிறது, நான் பதிவேற்றி 4 நாட்கள் ஆகிவிட்டன என்றேன். "நீங்களே பாருங்க சார்" என்று கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். அது அவருடைய அப்பாவின் பேசி. திரையின் ஒரு மூலையில் விரிசல் விழுந்திருந்தது. பாடத்தைத் திறந்ததும் முதலில் நான் எழுதிய வரவேற்புரை வந்தது, அதன்கீழ் கல்லூரி முத்திரை, அதன்கீழ் பாடத்திட்டக் கோப்பு, அறிவிப்புகள், துணை நூல்கள். அவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். முதல் அலகின் 14 கோப்புகளும் இரண்டாம் அலகின் 11 கோப்புகளும் கடந்தும் மூன்றாம் அலகு வரவில்லை. இடையில் ஒருமுறை விரல் தவறிப் பட்டு ஒரு காணொளி திறந்துகொண்டது. பின்னால் வந்தபோது பக்கம் மறுபடியும் உச்சியிலிருந்து தொடங்கியது. பயிற்சித்தாள் இருந்தது உண்மை. அது அவருக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அன்று மாலை அலுவலக அறையின் பெரிய திரையில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன்; எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆசிரியர் பார்க்கும் பக்கமும் மாணவர் பார்க்கும் பக்கமும் ஒன்றல்ல என்பதை அதற்கு முன் நான் அவ்வளவு அருகிலிருந்து கண்டதில்லை.

மூடுலை உருவாக்கிய மார்ட்டின் டோகியாமாஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், பள்ளிக்கூடம் எட்டாத தொலைவில் வளர்ந்தவர். சிற்றலை வானொலி வழியாக நடந்த வகுப்பில் தொடக்கக் கல்வி பெற்றவர். அவர் எழுதிய மென்பொருளின் 1.0 பதிப்பு 2002 ஆகஸ்ட்டில் வெளிவந்தது. இன்றும் அது எவரும் இலவசமாக எடுத்துத் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள். தொலைவில் இருக்கும் மாணவருக்காகப் பிறந்த ஒன்றை, அந்த மாணவரின் கையில் அது எப்படித் தெரிகிறது என்பதை வைத்தே எடைபோடுவதுதான் முறை என்று கருதுகிறேன். நான்கு வடிவங்கள் மூடுலுடனேயே வருகின்றன: தலைப்பு வடிவம், வார வடிவம், ஒற்றைச் செயல்பாட்டு வடிவம், சமூக வடிவம். 'டாபிக்ஸ்' என்று நெடுங்காலம் வழங்கிய முதல் வடிவத்தின் பெயர் 2024 ஏப்ரலில் வந்த 4.4 பதிப்பில் 'கஸ்டம் செக்ஷன்ஸ்' என்று மாறியது. பழகிய பெயர் என்பதால் இங்கே அதைத் தலைப்பு வடிவம் என்றே சொல்கிறேன். அதில் பகுதிகளுக்கு நாமே பெயர் இடுகிறோம்.

முதலில் வார வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆசிரியர்களை மிக எளிதில் கவர்வது அதுதான். பாடம் தொடங்கும் நாளைக் கொடுத்துவிட்டால், அதிலிருந்து ஏழு ஏழு நாட்களாக எண்ணி, ஒவ்வொரு பகுதிக்கும் தேதிகளையே தலைப்பாக அதுவே இட்டுக்கொள்கிறது. நடப்பு வாரம் எது என்று தானாகவே அடையாளமிட்டுக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுத்துத் தொடங்கும் நாளை மட்டும் மாற்றினால் போதும், எல்லா வாரத் தலைப்புகளும் சேர்ந்து நகர்ந்துவிடும். இவை உண்மையான வசதிகள். தொடங்கும் நாளைக் கொடுக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும்: அது புதன்கிழமையாக இருந்தால் எல்லா வாரங்களும் புதனில் தொடங்கிச் செவ்வாயில் முடியும். அதனால் வகுப்பு எந்தக் கிழமையில் தொடங்கினாலும், அமைப்பில் அந்த வாரத்தின் திங்கட்கிழமையைக் கொடுப்பதே நல்லது. ஒப்படைப்புகளுக்கும் வினாடிவினாக்களுக்கும் நாம் குறித்த கடைசித் தேதிகள் வாரத் தலைப்புகளோடு கட்டப்பட்டவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாடத்தை அடுத்த ஆண்டுக்காக மீட்டமைக்கும்போது, மீட்டமைப்புப் பக்கத்திலேயே புதிய தொடக்க நாளைக் கொடுத்தால் அவையும் அதே அளவு நகரும். அமைப்புப் பக்கத்தில் தேதியை மட்டும் மாற்றினால் கடைசித் தேதிகள் பழைய ஆண்டிலேயே நின்றுவிடும்.

இரண்டாம் ஆண்டில் நான் வார வடிவத்துக்கு மாறினேன். அந்த ஆண்டு முதலாண்டு வகுப்புகள் ஆகஸ்ட்டில்தான் தொடங்கின. செப்டம்பர் வரை வாரமும் வகுப்பும் ஒன்றாகவே நடந்தன. அக்டோபரில் ஆயுத பூஜை விடுமுறை, அதன்பின் தீபாவளி, நவம்பரில் மழை. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்த நாட்களில் கல்லூரி பூட்டியிருந்தது. மூடுலின் நாட்காட்டி பூட்டவில்லை. 13ஆம் வாரம் வந்தபோது பக்கம் காலத்தொடர் வரிசையை நடப்புப் பாடமாக அடையாளமிட்டுக் காட்டியது; வகுப்பறையில் நாங்கள் குறியீட்டு எண்களின் நடுவில் இருந்தோம். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாணவர்களே தாங்கள் எதையோ விட்டுவிட்டதாகப் பயந்தார்கள். வராமலிருந்த மாணவர்களோ, திரும்பி வந்து எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். வார வடிவத்தில் விடுமுறை வாரம் என்று தனியாக ஒன்றைச் சொல்ல வழியில்லை. வெற்றுப் பகுதி ஒன்றை இடையில் செருகி அதில் விடுமுறை என்று எழுத வேண்டும், அப்போது பின்னால் உள்ள பகுதிகள் ஒவ்வொன்றும் ஒரு வாரம் தள்ளிப்போகும். முன்கூட்டியே தெரிந்த விடுமுறைக்கு அது சரி. காலை 6 மணிக்குத் தொலைக்காட்சியில் வரும் மழை விடுமுறைக்கு அது ஆகாது. தேதிகளை நீக்கிப் பகுதிகளுக்குச் சொந்தப் பெயர் இடலாம்தான். ஆனால் தேதி போய்விட்டால் வார வடிவத்தை வைத்திருப்பதற்கான காரணமும் பெரும்பாலும் போய்விடுகிறது.

நாட்காட்டியே பாடத்தை நடத்தும் இடத்தில் வார அமைப்பு மிகப் பொருத்தமானது. சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் என்ற இணையவழிப் படிப்புகளைப் பாருங்கள். அவை 4, 8, 12 வாரங்கள் என்று முன்கூட்டியே அளந்து வகுக்கப்பட்டவை. வாரந்தோறும் காணொளிகள் வெளியாகின்றன, வாரந்தோறும் ஒப்படைப்புக்குக் கெடு இருக்கிறது, 12 வாரப் படிப்பில் சிறந்த 8 ஒப்படைப்புகளின் மதிப்பெண் கணக்கில் சேர்கிறது. அங்கே மாணவர் கேட்கும் கேள்வி 'இந்த வாரம் என்ன?' என்பதுதான்; பக்கம் அந்தக் கேள்விக்கே விடை சொல்ல வேண்டும். எந்த ஊரில் மழை பெய்தாலும் பதிவு செய்த காணொளி அதே நாளில் வெளியாகும். என் வகுப்பில் மாணவர் கேட்கும் கேள்வி வேறு: 'எந்த அலகு நடக்கிறது, அதில் நான் எதுவரை முடித்திருக்கிறேன்?' பாடத்திட்டம் 5 அலகுகளாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. அகமதிப்பீட்டுத் தேர்வு அலகுகளை வைத்தே அறிவிக்கப்படுகிறது. பல்கலைக்கழக வினாத்தாளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர்களும் அலகு வாரியாகவே ஒப்பிடுகிறார்கள். மாணவரின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பிரிப்பை விட்டுவிட்டு வாரம் என்ற வேறொரு பிரிப்பை நான் அவர்மீது ஏற்றியிருந்தேன்.

மூன்றாம் ஆண்டு முதல் தலைப்பு வடிவத்துக்குத் திரும்பி, இன்றுவரை அதிலேயே இருக்கிறேன். ஆனால் முதல் ஆண்டில் இருந்ததும் அதே வடிவம்தான் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த மாணவி தள்ளித் தள்ளிக் களைத்தது அதில்தான். வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. அதன்கீழ் உள்ள தெரிவுகளை அமைப்பது மறுபாதி.

அவற்றில் முதன்மையானது, எல்லாப் பகுதிகளையும் ஒரே பக்கத்தில் காட்டுவதா, ஒரு பக்கத்துக்கு ஒரு பகுதி என்று காட்டுவதா என்பது. இரண்டாவதைத் தேர்ந்தால் முகப்பில் பகுதிகளின் பெயர்களும் நாம் எழுதிய சுருக்கங்களும் மட்டுமே இருக்கும். மாணவர் ஒரு பெயரைத் தொட்டு அந்த அலகுக்குள் போவார். ஒரு தொடுகை கூடுகிறது, ஆனால் 40 கோப்புகளைத் தள்ளிக்கொண்டு போகும் சிரமம் அறவே போய்விடுகிறது. கணினித் திரையில் பாடத்தைத் தயாரிக்கும் ஆசிரியருக்கு முதலாவது வசதியாகத் தோன்றும், ஏனெனில் அவர் கோப்புகளை இழுத்து இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர். கைப்பேசியில் படிப்பவருக்கு, அலகு ஒன்றில் பத்துக்கு மேற்பட்ட உருப்படிகள் இருக்குமானால், இரண்டாவதுதான் நல்லது. பத்துக்குக் கீழே இருந்தால், 2022 ஏப்ரலில் வந்த 4.0 பதிப்புக்குப் பிறகு, ஒரே பக்கமும் தாங்கக்கூடியதே. அந்தப் பதிப்பு முதல் ஒவ்வொரு பகுதியையும் மடக்கவும் விரிக்கவும் முடிகிறது. மாணவர் எதை மடக்கி வைத்தாரோ அது அடுத்த முறை வரும்போதும் மடங்கியே இருக்கிறது.

4.0 பதிப்பு கொண்டுவந்தவற்றில் நான் மிகவும் மதிப்பது இடப்பக்கம் வரும் பாடச் சுட்டியை. பாடத்தின் எந்த மூலையில் இருந்தாலும் முழுப் பாடத்தின் பொருளடக்கமும் அங்கே தெரிகிறது, எந்தக் கோப்புக்கும் நேராகத் தாவ முடிகிறது. செயல்பாடுகளுக்கு நிறைவு நிபந்தனை இட்டிருந்தால், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு வட்டம் இருக்கும். முடித்ததும் அது பச்சையாக நிரம்பும். நிபந்தனை இடுவது ஆசிரியருக்குக் கூடுதல் வேலை. பார்த்தால் போதுமா, ஒப்படைக்க வேண்டுமா, மதிப்பெண் பெற வேண்டுமா என்று ஒவ்வோர் உருப்படிக்கும் தீர்மானிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் விட்டால் சுட்டி வெறும் பெயர்ப் பட்டியலாக நின்றுவிடும். செய்தால், விட்ட இடத்தைத் தேடும் மாணவருக்குப் பதில் அந்த வட்டங்களிலேயே இருக்கிறது. பத்து நாள் காய்ச்சலுக்குப் பிறகு வந்த ஒரு மாணவர், யாரையும் கேட்காமல், நிரம்பாத வட்டங்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்ததை அறிக்கைப் பக்கத்தில் பார்த்தேன். நிபந்தனைகள் இட நான் செலவிட்ட இரண்டு மணி நேர வேலைக்கு அதைவிடப் பெரிய பயன் எனக்கு வேண்டியதில்லை.

தலைப்பு வடிவத்தில் நடப்புப் பகுதி தானாக அடையாளம் பெறாது. ஆசிரியரே பகுதியின் பட்டியலைத் திறந்து அதைச் சுட்டிக்காட்ட வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுவே நிறை. மழை விடுமுறை முடிந்து வந்த அன்று, வகுப்பு எங்கே நிற்கிறதோ அங்கேயே அடையாளமும் நிற்கிறது. குறிப்பிட்ட நாளுக்கு முன் ஓர் அலகு திறக்கக் கூடாது என்று விரும்பினால், அந்தப் பகுதிக்கு மட்டும் தேதிக் கட்டுப்பாடு இடலாம். வார வடிவம் இல்லாமலே வார ஒழுங்கு கிடைத்துவிடுகிறது. இன்னும் தயாராகாத அலகுகளை மறைத்து வைக்கும்போது, அவை மாணவருக்கு அறவே தெரியாமல் இருக்கலாம், அல்லது பெயர் மட்டும் தெரிந்து உள்ளே போக முடியாதபடி இருக்கலாம். நான் இரண்டாவதையே வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை அலகுகள் இருக்கின்றன என்பது தெரிந்திருப்பது படிப்பவருக்கு ஒரு தெம்பு.

2024 அக்டோபரில் வந்த 4.5 பதிப்பில் உட்பகுதிகள் சேர்ந்தன. ஒரு பகுதிக்குள் இன்னொரு பகுதியை வைக்கலாம். அதற்குள் மற்றொன்று வைக்க முடியாது, ஒரே படிதான். இந்தக் கட்டுப்பாட்டை நான் வரவேற்கிறேன், ஏனென்றால் கோப்புறைக்குள் கோப்புறை என்று அடுக்கிக்கொண்டே போகும் பழக்கம் ஆசிரியர்களிடம் உண்டு, கடைசிக் கோப்புறைக்கு வந்துசேரும் மாணவர் மிகச் சிலரே. சிதறல் அளவைகள் என்ற அலகுக்குள் வீச்சு, கால்மான விலக்கம், திட்ட விலக்கம் என்று மூன்று உட்பகுதிகள் வைத்த பிறகு, 11 கோப்புகள் மூன்று சிறு கொத்துகளாகிவிட்டன. மூடுலின் கைப்பேசிச் செயலியில் பாடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. பேருந்து நிலையத்திலோ கல்லூரி நூலகத்திலோ இணையம் கிடைக்கும்போது ஒரு பகுதியை மட்டும் இறக்கிக்கொண்டு வீட்டில் படிக்கும் மாணவருக்கு, பகுதிகள் சிறியவையாக இருப்பது பணத்தையே மிச்சப்படுத்துகிறது.

எல்லாப் பாடங்களிலும் உச்சியில் நிற்கும் பொதுப் பகுதியைப் பற்றி ஒரு சொல். வரவேற்புரை, முத்திரை, தொலைநோக்கு வாசகம், ஆசிரியரின் பட்டங்கள் என்று எல்லாம் வந்து சேர்வது அங்கேதான், மாணவர் தினமும் அதைக் கடந்தே உள்ளே போக வேண்டியிருக்கிறது. என் பொதுப் பகுதியில் இப்போது மூன்றே உருப்படிகள் இருக்கின்றன: அறிவிப்புகள், பாடத்திட்டம், சந்தேகம் கேட்கும் இடம். முத்திரை இல்லை.

ஒற்றைச் செயல்பாட்டு வடிவமும் சமூக வடிவமும் தனித் தேவைகளுக்கானவை. முன்னதில் பாடத்துக்குள் நுழைந்த உடனே அந்த ஒரே செயல்பாடு திறக்கும். மாதிரி நுழைவுத் தேர்வு ஒன்றை நடத்தவோ, வெளியில் தயாரித்து அப்படியே ஏற்றக்கூடிய ஸ்கார்ம் என்னும் பாடத் தொகுப்பு ஒன்றை வைக்கவோ அது மிகவும் ஏற்றது. பின்னதில் பாடப் பக்கமே ஒரு கலந்துரையாடலாக இருக்கும். துறை ஆசிரியர்கள் வினாவங்கி பற்றிப் பேசிக்கொள்ள நாங்கள் அதைப் பயன்படுத்துகிறோம். இரண்டையும் பருவம் முழுவதும் நடக்கும் பாடத்துக்கு யாரும் எடுக்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பல உருப்படிகள் உள்ள பாடத்தை ஒற்றைச் செயல்பாட்டு வடிவத்துக்கு மாற்றினால், மற்ற உருப்படிகள் மாணவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும், அழியாது, ஆசிரியருக்கு மட்டும் தெரியும்.

இனி, தனியாக நிறுவிக்கொள்ள வேண்டிய வடிவங்கள். டைல்ஸ், கிரிட், ஒன்டாபிக் ஆகிய மூன்றும் பலரும் அறிந்தவை. டைல்ஸ் ஒவ்வொரு பகுதியையும் சிறு கட்டமாகக் காட்டி, அதன்மேல் எத்தனை முடிந்தது என்ற கணக்கையும் இடுகிறது. கட்டத்தைத் தொட்டால் பக்கம் மாறாமல் அதன்கீழேயே உள்ளடக்கம் விரிகிறது. கிரிட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படம். ஒன்டாபிக்கில் பகுதிகள் தாவல்களாக (டேப்) மேலே வரிசையாக நிற்கும். இவற்றில் எனக்குப் பிடித்தது டைல்ஸ். ஐந்து, ஆறு பகுதிகள் உள்ள பாடத்துக்கு அது நிறைவாக இருக்கிறது, நிறைவுக் கணக்கு முகப்பிலேயே தெரிவது பெரிய நன்மை. படங்களை நம்பும் வடிவம் சிறு குழந்தைகளுக்கான பாடத்துக்கோ ஓவியம், சமையல், தாவரவியல் போன்றவற்றுக்கோ இயல்பாகப் பொருந்தும். குறியீட்டு எண்களுக்கு என்ன படம் வைப்பது? எல்லா அலகுக்கும் இணையத்தில் எடுத்த ஒரே மாதிரி வரைபடங்களை வைத்தால், படம் அடையாளம் காட்டும் வேலையைச் செய்யாமல் இணையச் செலவை மட்டுமே கூட்டும். தாவல் வடிவம் ஐந்து தாவல்கள் வரை அழகு. பதினைந்து தாவல்களைக் கைப்பேசித் திரையில் அடுக்கினால் பாடத்துக்கு மிஞ்சும் இடம் குறைவு.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. நம் கலைச்சொற்கள் நீளமானவை, சொற்கள் சேரும்போது மேலும் நீள்கின்றன. 'மையப்போக்கு அளவைகளும் அவற்றின் பயன்பாடுகளும்' என்று பாடத்திட்டத்தில் உள்ளபடியே தலைப்பிட்டால், கட்டத்துக்குள் அது நான்கு வரியாக நெருங்கி நிற்கும், தாவலில் பாதித் திரையை எடுத்துக்கொள்ளும், பாடச் சுட்டியில் கண்ணுக்கு உடனே பிடிபடாது. '1. சராசரிகள்' என்று மாற்றினேன். '2. சிதறல்', '3. ஒட்டுறவு', '4. குறியீட்டு எண்', '5. காலத்தொடர்'. முழுத் தலைப்பைப் பகுதியின் சுருக்கத்தில் எழுதினேன். எந்த வடிவத்தை எடுத்தாலும் இந்தச் சிறிய வேலை பலன் தரும். என் வகுப்பில் தமிழ்வழியில் படித்து வந்தவர்களும் ஆங்கிலவழியில் படித்து வந்தவர்களும் கலந்திருக்கிறார்கள். மூடுலின் பன்மொழி வடிகட்டியைத் தளப் பொறுப்பாளர் இயக்கி, அதைத் தலைப்புகளுக்கும் பொருந்தும்படி அமைத்தால், ஒரே பகுதிக்கு இரு மொழியிலும் பெயர் எழுதி வைக்கலாம். மாணவர் தேர்ந்த இடைமுக மொழியில் உள்ள பெயர் மட்டும் அவருக்குத் தெரியும்.

வெளி வடிவங்களை எடுப்பவர்கள் இரண்டை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கைப்பேசிச் செயலி தான் அறியாத வடிவத்தைக் கண்டால் கட்டங்களையும் படங்களையும் விட்டுவிட்டுப் பகுதிகளை வழக்கமான பட்டியலாகவே காட்டும். ஆகவே பெரும்பாலான மாணவர்கள் செயலி வழியாக வருகிறவர்கள் என்றால், கட்டங்களை அழகுபடுத்தச் செலவிடும் மாலைப் பொழுதுகள் அவர்களைச் சென்று சேராது. மற்றொன்று பதிப்பு உயர்வு. நான்காம் ஆண்டில், பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு வெளி வடிவத்தில் வேறொரு பாடத்தை அமைத்திருந்தேன். கோடை விடுமுறையில் சர்வரைப் புதிய பதிப்புக்கு உயர்த்தினார்கள். அந்த வடிவத்துக்கு அப்போது இணையான புதிய பதிப்பு வரவில்லை. கல்லூரி திறந்த அன்று பாடம் தளத்தின் இயல்பு வடிவத்தில் நின்றது. கோப்புகளுக்கோ வினாடிவினாக்களுக்கோ மதிப்பெண்களுக்கோ ஒரு சேதமும் இல்லை, ஏனெனில் அவை பாடத்துக்குச் சொந்தமானவை, வடிவத்துக்கு அல்ல. ஆனால் பகுதிகளுக்காக நான் சேர்த்திருந்த படங்கள் எங்கும் தெரியவில்லை. படத்தில் மட்டுமே எழுதியிருந்த அலகுப் பெயர்களும் அவற்றோடு போயின. 'பகுதி 1', 'பகுதி 2' என்று வெறும் எண்கள் நின்றன. அன்று முதல், படம் வைத்தாலும் பெயரை எழுத்தாகவும் கட்டாயம் இடுகிறேன். திரையைக் காதால் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கும் அந்த எழுத்துதான் வழி.

வடிவத்தை நடுவில் மாற்றலாமா என்று உடன் பணிபுரிவோர் கேட்பதுண்டு. தலைப்பு வடிவத்துக்கும் வார வடிவத்துக்கும் இடையே மாறுவதில் எதுவும் தொலையாது. பகுதிகளும் உருப்படிகளும் அதே வரிசையில் இருக்கும். தொலைவது மாணவரின் பழக்கம். ஆறு வாரம் ஒரு பக்கத்தில் வழி பழகியவருக்கு, அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பக்கம் வேறு முகத்தோடு வருவது நியாயமில்லை. மாற்றுவதானால் பருவத்தின் தொடக்கத்திலேயே மாற்ற வேண்டும்.

மற்றத் தளங்களில் இந்தத் தெரிவு எப்படி இருக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கூகுள் கிளாஸ்ரூமில் வகுப்புப் பணிகளைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கலாம், அவ்வளவுதான். பக்கத்தின் வடிவத்தை மாற்ற இடமில்லை. தெரிவு இல்லாததால் தவறவும் வழியில்லை, ஒரு சிறு வகுப்புக்கு அது போதும். கேன்வாஸில் முகப்பாக எதை வைப்பது என்பதற்கு ஐந்து தெரிவுகள் இருக்கின்றன: அண்மை நிகழ்வுகள், ஆசிரியர் எழுதிய முகப்புப் பக்கம், பாடக் கூறுகள், ஒப்படைப்புப் பட்டியல், பாடத்திட்டம். அது நுழைவாயிலை மட்டும் மாற்றும் தெரிவு. மூடுலில் மாறுவது பகுதிகள் பக்கத்தில் நிற்கும் முறையே. ஆகவே மூடுலில் ஆசிரியருக்குச் சுதந்திரமும் கூடுதல், பொறுப்பும் கூடுதல்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு நான் சொல்வது இதுதான். பருவம் முழுவதும் நடக்கும் கல்லூரிப் பாடமென்றால் தலைப்பு வடிவத்தை எடுங்கள். அலகுக்கு ஒரு பகுதி, தேவைப்பட்டால் உட்பகுதிகள், பக்கத்துக்கு ஒரு பகுதி என்ற தெரிவு, எல்லா உருப்படிகளுக்கும் நிறைவு நிபந்தனை. நாள் தவறாமல் நடக்கும் குறுகிய காலப் பயிற்சியென்றால் வார வடிவம். வெளி வடிவங்களை, மேற்பார்வைக்குத் தளப் பொறுப்பாளர் ஒருவர் நிலையாக இருக்கும் இடத்தில் மட்டும் எடுங்கள். அமைத்து முடித்த பிறகு மாணவராக மாறிப் பார்க்கும் வசதி மூடுலில் இருக்கிறது. ஆனால் நிறைவு வட்டங்களும் கட்டுப்பாடுகளும் எப்படி நடக்கின்றன என்பதைப் பார்க்க, தனியாக ஒரு மாணவர் கணக்கை உருவாக்கி அதில் நுழைவதே நம்பகமானது. அதையும் கணினியில் அல்ல, வீட்டில் இருப்பவற்றிலேயே பழைய கைப்பேசியில், இணையம் மெதுவாக இருக்கும் மாலை 7 மணிக்குச் செய்து பாருங்கள். மூன்றாம் அலகின் இரண்டாம் பயிற்சித்தாளை எடுக்க எத்தனை தொடுகைகள் ஆகின்றன என்று எண்ணுங்கள். என் பாடத்தில் இப்போது மூன்று.

வரும் பருவத்துக்காக நான் மாற்றவிருப்பது ஒன்றே ஒன்று. முந்தைய ஆண்டுகளின் பல்கலைக்கழக வினாக்களையும் அவற்றின் விடைகளையும் பாடத்தின் கடைசியில் தனிப் பகுதியாக வைத்திருந்தேன். தேர்வுக்கு இரண்டு நாட்களுக்கு முன்புவரை அங்கே போனவர்கள் மிகக் குறைவு என்பதை வருகைப் பதிவுகளில் கண்டேன். அந்த வினாக்களை அலகு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு அலகின் கடைசி உட்பகுதியாக வைக்கப் போகிறேன். முதல் அலகை இப்போதே பிரித்துவிட்டேன், மற்ற நான்கும் வகுப்புகள் தொடங்குவதற்குள் முடிந்துவிடும்.